இருபத்து மூன்றாம் எண் வாய்

அந்த வாய் என்னுடையது என்று கல்லூரிக்கே தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் யாராவது "அடிப்பாவி, இதுகூடவா தெரியாது?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நான் என்ன செய்வேன் என்பதுதான் இந்தக் கதையே.

நாங்கள் மூன்று பேர். கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு. உள்ளூர்க் கலைஞர்கள் சமூகப் பிரச்சினைகளைப் பேசுகிற மாதிரி ஒரு கண்காட்சி நடத்த வேண்டும் என்று மேடம் சொன்னார். படைப்புகளை வரவழைப்பது, தேர்ந்தெடுப்பது, மாட்டுவது, விளக்கம் எழுதுவது எல்லாமே எங்கள் பொறுப்பு. "நான் பின்னாடி ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். தலைமை யாரு ஏத்துக்கப்..." என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். அப்படித்தான் தலைவி ஆனேன். ஓட்டு எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது ஆள் டேப். எப்போதும் சட்டைப் பையில் அளவு டேப் வைத்திருப்பான், அதனால் அந்தப் பெயர். எந்தப் படமாக இருந்தாலும் அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து நூற்று நாற்பத்தைந்து சென்டிமீட்டரில் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, அன்றிலிருந்து மனுஷன் நிம்மதியாகத் தூங்குவதில்லை. மூன்றாவது ஆள் என் உயிர்த்தோழி பூட்டு. அவளிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் அது செத்த மாதிரிதான். நீங்களே மறந்துபோய் அவளிடம் போய்க் கேட்டாலும் சொல்லமாட்டாள்.

போன வருஷத்து மாணவர்கள் நடத்திய கண்காட்சியில் சுவர் முழுக்கச் சூரிய அஸ்தமனம். விசாரித்தால், வரைந்தவர்கள் எல்லாரும் அவரவர் மாமா, சித்தப்பா, பெரியம்மா மகன். எனக்கு வயிறு எரிந்தது. "நம்ம கண்காட்சில அந்தப் பேச்சே இருக்கக் கூடாது. பேரை மறைச்சுத்தான் தேர்வு. விண்ணப்பம் எல்லாம் பூட்டுகிட்ட மட்டும் போகும். அவ நம்பர் போட்டு, பேரு, முகவரி, தொழில், என்ன பொருள்ல செஞ்சாங்கங்கறது வரைக்கும் காகிதம் ஒட்டி மறைச்சிடுவா. தலைப்பும் பிரச்சினையும் மட்டும்தான் நம்ம கண்ணுல படணும்" என்று நான் அறிவித்தேன். பூட்டின் கையைப் பிடித்துச் சத்தியமும் வாங்கினேன்.

"உயிர் போனாலும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"உன்கிட்டயுமா?"

"என்கிட்டதான்டி முதல்ல சொல்லக் கூடாது!"

அவள் தலையாட்டினாள். பின்னால் அந்தத் தலையாட்டலை நினைத்து நினைத்து நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அறிவிப்புத் தாள் ஒன்றை வீட்டுக்கும் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எங்கள் வீட்டில் மூன்று பேர். அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறிப்பது அவர் வேலை. அம்மா பல் செட் செய்கிற ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். டாக்டர் நோயாளியின் வாயை அச்சு எடுத்து அனுப்புவார், அம்மா அதைப் பார்த்து மெழுகில் பல் வரிசை கட்டி, அப்புறம் நிஜப் பல் செட்டாக மாற்றுவாள். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். நானிருக்கும் வீட்டில் மற்றவர்கள் பேச நேரம் எங்கே இருக்கிறது?

அம்மா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல யாரு வேணா கலந்துக்கலாமா?"

"உள்ளூர்க் கலைஞர்கள்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேன், படிம்மா."

"இல்ல, கலைஞர்னா அதுக்கு ஏதாவது..."

"யாருக்கெல்லாம் இதுவரைக்கும் பேச இடமே கிடைக்கலையோ அவங்களுக்கு நாங்க இடம் கொடுக்கறோம். தேர்வாகிற ஒவ்வொருத்தரும் திறப்பு விழாவுல மைக் முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசலாம். உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. என் சார்ஜரை யாரு எடுத்தது?"

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இருமினார். அம்மா சார்ஜரைத் தேடப் போனாள்.

விண்ணப்பங்கள் நாற்பத்தொன்று வந்தன. சமூகம் இவ்வளவு பிரச்சினையில் இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான்காம் எண், போக்குவரத்து நெரிசல் பற்றிய ஓவியம். அதில் நடுவே நிற்கும் போலீஸ்காரருக்கு மட்டும் முதுகில் இறக்கை இருந்தது. வரைந்தவர் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. ஒன்பதாம் எண், அழுகிற குழாய்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றியது, ஆனால் ஹால் முழுக்கத் தண்ணீர் கொட்டியது. பதினாறாம் எண், பழைய பஸ் டிக்கெட்டுகளை ஒட்டிச் செய்த ஒரு மாபெரும் கை. முப்பதாம் எண் படைப்பே இல்லை, ஒரு கடிதம். மேல் மாடிக்காரர் நாற்காலியை இழுக்கும் சத்தம் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தது. உண்மையான வேதனை இருந்ததால் அதையும் தேர்ந்தெடுத்தோம்.

இருபத்து மூன்றாம் எண் ஒரு மரப்பெட்டியில் வந்தது. மூவரும் சேர்ந்து திறந்தோம். துணிக்கூடை அளவுக்கு ஒரு வாய். வெறும் வாய்தான், மூக்கில்லை, முகமில்லை. இளஞ்சிவப்பில் ஈறு, அதில் மெல்லிய நரம்புகள்கூட ஓடின. உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு பல்லும் வழவழவென்று மின்னியது. பின்னால் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் வாய் திறந்து மூடும், 'டக், டக்' என்று பல்லோடு பல் மோதும். விண்ணப்பத்தில் தலைப்பு: 'நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்'. பிரச்சினை: 'அதிகாரம்'.

"இதுதான்டா நம்ம கண்காட்சி!" என்று நான் குதித்தேன். "ஹாலுக்கு நட்டநடுவுல இது. மத்தது எல்லாம் இதைச் சுத்தி!"

மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. முன்பல் ஒன்றின் மூலை உடைந்திருந்தது. டேப் அந்தத் தெத்துப்பல்லை அளந்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் பல்லை அளந்தான்.

"என்னடா முறைக்கிற?"

"ஒண்ணுமில்ல" என்றான். அவன் முகத்தில் ஈ ஆடவில்லை.

எனக்கும் இடது பக்கம் தெத்துப்பல். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்பல்லின் மூலை போய்விட்டது. சிரிக்காதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று யாராவது வாயை 'ஆ'வென்று திறந்துகொண்டு கத்துவார்களா? கத்தும்போது நம் வாய் எப்படி இருக்கும் என்று எதிரில் நிற்பவனுக்குத்தான் தெரியும். பல் செட்டுக்கும் அம்மாவுக்கும் உள்ள சம்பந்தமாவது உறைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அம்மா செய்வது உள்ளங்கைக்குள் அடங்குகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அவள் வேலை செய்யும் இடத்துக்கு நான் ஒரு நாளும் போனதில்லை, என்ன செய்கிறாள் என்று உட்கார்ந்து கேட்டதுமில்லை.

அந்த வாய்க்கான விளக்கத்தை நானே எழுதினேன். அறுபது சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 'இந்த வாய் உண்பதற்காகத் திறப்பதில்லை, உத்தரவிடுவதற்காகத் திறக்கிறது. இதற்கு முன்னால் நிற்கும் எளிய மனிதர்கள் தங்கள் வாக்கியத்தை முடித்ததே இல்லை. தன் சத்தத்தைத் தானே ரசிக்கும் எல்லா அதிகாரத்துக்கும் கலைஞர் இங்கே ஓர் அச்சு எடுத்திருக்கிறார். இதன் பற்கள் மோதும் ஒலி, வெட்கமில்லாத ஆணவத்தின் ஒலி.' எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினேன். பூட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். டேப்புக்கு அவசரமாக ஏணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"எப்படி இருக்கு, சொல்லுங்களேன்."

"கரெக்டா இருக்கு" என்றாள் பூட்டு.

திறப்பு விழா சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாலில் ஒரே அமளி. தேர்வு பெற்ற கலைஞர்களில் சிலர் உதவிக்கு வந்திருந்தார்கள். டேப் அந்த ஆறு பக்கக் கடிதத்தின் நடுப்புள்ளி எது என்று தெரியாமல் மூன்றாம் பக்கத்துக்கும் நான்காம் பக்கத்துக்கும் இடையே ஒரு மணி நேரமாக அல்லாடிக்கொண்டிருந்தான். நான் வாய் வைத்திருந்த பீடத்துக்குப் பக்கத்தில் நின்று அவனைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு கடிதத்தை மாட்ட ஒரு மணி நேரமா? நீ என்ன, வானத்துக்கு ஆணி அடிக்கிறியா? கீழ இறங்குடா! இறங்குங்கறேன்ல!"

அதே நேரத்தில் பூட்டு, கைப்பிடிக்கு எண்ணெய் போட்டுவிட்டு, சரியாகச் சுற்றுகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறாள். நான் ஒரு சொல் கத்த, பக்கத்தில் அது ஒரு தடவை திறக்க. நான் வாயை மூட, அது 'டக்'கென்று மூட. திடீரென்று ஹால் அமைதியானதை உணர்ந்தேன். அடுத்த நொடி எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இறக்கை வைத்து வரைந்த போலீஸ்காரர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தார். பஸ் டிக்கெட் கை செய்த பெரியவர் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"பிரமாதம்மா! உன்னை மாடலா வச்சே செஞ்சிருக்காங்க போல. தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்க ஒரு தைரியம் வேணும்!"

போனில் ஒரு படம். இரண்டு வாய்கள் அருகருகே, இரண்டும் முழுக்கத் திறந்து. அதே தெத்துப்பல். அதே உடைந்த மூலை. அளவு ஒன்றுதான் வித்தியாசம். அதுவும் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று டேப்பைக் கேட்டேன்.

"பெட்டியைத் திறந்த அன்னைக்கே தெரியும். நீயே ஏற்பாடு பண்ணி செய்யச் சொன்னேன்னு நெனச்சேன். கேட்கலாம்னா... உன்கிட்ட எப்படி கேட்கிறது?"

"இருபத்து மூணு யாருடி?" என்று பூட்டின் பக்கம் திரும்பினேன்.

"சொல்ல மாட்டேன்."

"நான்தான் தலைவி. சொல்லு."

"உன்கிட்டதான் முதல்ல சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கின."

அவள் பையைப் பிடுங்கி, விண்ணப்பத்தை எடுத்து, ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தேன். பெயரைப் படிக்கவே தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபிரிட்ஜ் கதவில் 'பால் வாங்கவும்' என்று என் கண்ணில் படும் அதே சாய்ந்த கையெழுத்து.

அவமானமென்றால் அப்படி ஒரு அவமானம். பெற்ற அம்மா! ஊர் சிரிக்கும்படி என் வாயைக் கூடை அளவுக்குச் செய்து, கைப்பிடி வேறு வைத்து அனுப்பியிருக்கிறாள். நானே அதை நடு ஹாலில் வைத்து, ஆணவம், வெட்கமில்லை என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் வாயைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடியை அறைந்தேன்.

பின்னால் நாற்காலியிலிருந்து மேடம் முதல் தடவையாக எழுந்தார். "எடுக்கலாம், உனக்கு உரிமை இருக்கு. ஆனா ஒன்பதாவது விதியைப் படிச்சியா?"

ஒன்பதாவது விதியையும் நான்தான் எழுதியிருந்தேன். போன வருஷம் ஒருவருடைய ஓவியத்தை அவரிடம் சொல்லாமலே எடுத்துவிட்டார்கள். அது சைக்கிள் நிறுத்துமிடத்தில் மழைக்கு மறைப்பாக நிற்பதை அவரே வந்து பார்த்தார். அதனால், தேர்வான படைப்பை நீக்கினால் காரணத்தை எழுதி, கலைஞரின் கையில் நேரில் கொடுக்க வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விதி போட்டிருந்தேன்.

எழுத உட்கார்ந்தோம். 'இப்படைப்பு ஒரு தனிநபரைத் தாக்குகிறது' என்று எழுதினேன்.

"எந்தத் தனிநபர்னு கேட்டா?" என்றாள் பூட்டு.

அடித்துவிட்டு, 'அதிகச் சத்தம் எழுப்புகிறது' என்று எழுதினேன். "அந்தச் சத்தத்தைத்தான் விளக்கத்துல அவ்வளவு புகழ்ந்திருக்க" என்றான் டேப். கடைசியில் 'இடப் பற்றாக்குறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு டேப் உண்மையிலேயே வருந்தினான். "நான் அளந்த ஹால்ல இடப் பற்றாக்குறையா?" என்று கேட்டுவிட்டு, ஒரு மூலையில் போய் நின்றுகொண்டான்.

வீட்டுக்குப் போகும்போது மணி ஐந்தரை. அம்மா முன்னறையில் தன் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போனில் ஸ்டாப் வாட்சை ஓடவிட்டபடி சோபாவில் இருந்தார். அம்மா எதையோ முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு! எப்படிம்மா உனக்கு மனசு வந்தது?"

"நான் உன்னைக் கேலி பண்ண..."

"ஊரே சிரிக்குது! போட்டோ எடுத்துட்டாங்க!"

"கேலி பண்ணணும்னு செய்யலடி. எனக்கு ஒரு..."

"அதிகாரமாம்! நான் என்ன சர்வாதிகாரியா? இந்த வீட்டுல நான் யாரையாவது பேச விடாம இருக்கேனா?"

"இப்ப..."

"சொல்லு, யாரைப் பேச விடல?"

அப்பா போனை மேசையில் வைத்தார். "மூணு தடவை" என்றார். "நீ உள்ள வந்து ஒரு நிமிஷம்கூட ஆகல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அப்பா வாயைத் திறந்து ஒன்று சொன்னால் அது டிப்போ குறிப்பேட்டில் எழுதிய மாதிரி, அதில் பிழை இருக்காது. பேச்சுக்குப் பதிலாகக் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒரு தடவை படித்தாள். ஒரே வரிதானே. நாலாக மடித்தாள்.

"சரி" என்றாள்.

இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். கோட்டை ஹேங்கரில் மாட்டினாள். "நாளைக்கு லீவு போட்டிருந்தேன். வேணாம்னு லேபுக்குப் போன் பண்ணிடறேன். அவங்க எல்லாரும் வர்றதா இருந்தாங்க, அவங்ககிட்டயும் சொல்லணும்."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை, எந்த இடப் பற்றாக்குறை என்று கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அம்மா என்னிடம் சொன்ன எல்லா 'சரி'யும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது பட்டது.

"எதுக்கும்மா அவ்வளவு பெரிசா செஞ்ச?" என்றேன்.

அம்மா வாயைத் திறந்தாள். நான் குறுக்கே வருகிறேனா என்று பார்த்தாள். "சின்னதா செஞ்சா நீ பார்க்க மாட்ட" என்றாள். "ராத்திரி பகலா எத்தனையோ பேரு வாய்க்குப் பல்லு கட்டியிருக்கேன். அச்சு இல்லாம, நினைப்புல இருந்து செஞ்சது இது ஒண்ணுதான். அந்த உடைஞ்ச மூலையை எத்தனை தடவை திருத்தினேன் தெரியுமா? எனக்குப் பிடிச்ச வாய்டி அது. ஆனா அதுகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு நாலு மாசமா பார்க்கறேன், முடியல. மைக் முன்னாடின்னா ரெண்டு நிமிஷம் யாரும் குறுக்கே பேச மாட்டாங்கன்னு நீதான் சொன்ன."

"என்ன விஷயம்? இப்பவே சொல்லேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"உன்னை நம்ப முடியாது."

நான் அவள் கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கிக் கிழித்தேன். நாலாக மடித்திருந்ததால் சரியாகக் கிழியவில்லை. மானம் போகிறது என்றுதான் அப்போதும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விஷயம் என்னவென்று தெரியாமல் இருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் ஒயரை நானே திரும்பச் சொருகினேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஹால் நிரம்பி வழிந்தது. வாய் மறுபடியும் நட்டநடுவில். நேற்று எடுத்த போட்டோ எங்கெங்கோ சுற்றிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் முதலில் வாயைப் பார்த்தார்கள், விளக்கத்தைப் படித்தார்கள், பிறகு என்னைத் தேடினார்கள். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பல் தெரியாமல் வரவேற்றேன். அது என்னவோ யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு சின்னக் குழந்தை என்னிடம் வந்து "அக்கா, ஆ சொல்லு" என்றது.

கலைஞர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். இரண்டு நிமிஷம் முடிந்தால் டேப் மணி அடிப்பான். போலீஸ்காரர் கையை நீட்டி மணியையே நிறுத்தப் பார்த்தார், நடக்கவில்லை. கடிதக்காரர் இரண்டு நிமிஷத்தில் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. அவருடைய மேல் மாடிக்காரரும் வந்திருந்தார், நாற்காலியில் நெளிந்துகொண்டே இருந்தார். அப்புறம் இருபத்து மூன்றாம் எண்.

அம்மா வெள்ளைக் கோட்டில் மைக் முன்னால் போய் நின்றாள். லேபிலிருந்து வந்த ஏழு பேர் கைதட்டினார்கள். லேபின் சொந்தக்காரரான டாக்டர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பல்லு செய்றவ. நான் செய்ற வேலை வெளியில தெரிஞ்சா அது தப்பான வேலை. நிஜப் பல்லு மாதிரியே இருக்கணும், யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. அதனால என் வேலையை யாரும் பார்த்துப் பாராட்டினதில்ல. அதுல எனக்கு வருத்தமும் இல்ல. ஆனா இந்த ஒண்ணை எல்லாரும் கண்டுபிடிக்கணும்னு செஞ்சேன்..."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இடைவெளியில் டாக்டர் எழுந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன். எங்க லேப் ஆரம்பிச்ச காலத்துல இருந்தே தரத்துக்கு நாங்க கொடுக்கிற..."

அம்மா ஒதுங்கி நின்றாள். வழக்கம்போல, சரி என்கிற முகத்தோடு. அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"டாக்டர்! உக்காருங்க! அவங்க இன்னும் பேசி முடிக்கல!"

எனக்கு மைக் தேவைப்படவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. வாய் முழுக்கத் திறந்திருந்தது, தெத்துப்பல், உடைந்த மூலை எல்லாம் தெரிய, அந்தக் கண்காட்சிப் பொருளுக்கு நேர் எதிரில். டாக்டர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்தார். ஹாலில் ஒரு சிரிப்பு கிளம்பப் பார்த்தது. நான் திரும்பிய திருப்பில் அதுவும் அடங்கியது.

டேப் மணியைக் கையில் எடுத்தான். இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்தான். மணியை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அம்மா மைக்கைத் திரும்பத் தன் உயரத்துக்கு இறக்கினாள். "வீட்டுல சொல்ல முடியாததை இங்க சொல்லிக்கறேன்" என்றாள். "பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல ஒரு பயிற்சி இருக்கு. விபத்துலயும் நோயிலயும் காது போனவங்களுக்கு, மூக்கு போனவங்களுக்கு, அச்சு அசலா புதுசா செஞ்சு பொருத்தறது. எனக்கு இடம் கிடைச்சிருக்கு. முதல்ல காது செய்யக் கத்துக் கொடுப்பாங்களாம். வெளியூர். மூணு மாசம். வீட்டுக்காரருக்குத் தெரியும், என் பொண்ணுக்குத்தான் தெரியாது. நான் போறேன். இதை யார்கிட்டயும் அனுமதியா கேட்கல, தகவலாத்தான் சொல்றேன். அவ்வளவுதான். முடிச்சிட்டேன்."

கைதட்டல் எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. மேடம் எழுந்து நின்று தட்டினார். அப்பா கடைசி வரிசையில் எழுந்து, போனைப் பார்த்து, "நாலு நிமிஷம் பத்து செகண்ட்" என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

மூன்று மாசம். எனக்குள் ஆயிரம் வந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை, எனக்கு யார் இருக்கிறார்கள், போகக் கூடாது என்றெல்லாம் வரிசையில் நின்று முட்டித் தள்ளின. எல்லாவற்றையும் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்தினேன். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று பூட்டு கேட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நான் கையைத் தூக்கினேன். பூட்டு இரண்டு பேரைக் கேட்கவிட்டு, மூன்றாவதாகத்தான் என்னைக் காட்டினாள். அதுவரைக்கும் கையை இறக்காமல் காத்திருந்தேன்.

"எப்பம்மா கிளம்பற?"

"நாளன்னைக்கு" என்றாள் அம்மா. "காலைல ஏழு மணி வண்டி."

கண்ணில் தண்ணீர் கட்டியது, அவ்வளவு பேருக்கு முன்னால்.

"வழியனுப்ப நான் வரட்டுமா? குறுக்கே ஒண்ணும் பேச மாட்டேன். வாயே திறக்காம வரேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"பேசிட்டே வாடி. மூணு மாசத்துக்கு அங்க என்னை அதட்ட யாரு இருக்கா?"